எடைக்கு எடை வெல்லம்

அந்த எடை மெஷினை மட்டும் வெளியிலயே வெச்சிட்டு வாம்மா. செருப்புப் பக்கத்துல வை, யாரும் தொட மாட்டாங்க. கோவிச்சுக்காதே. உள் ரூம்ல என் பொண்ணு இருக்கா, அவ கண்ணுல அது படக் கூடாது. அவ்ளோதான். நீ வா, உக்காரு. நீ, வான்னு பேசறேனேன்னு நினைக்காதே, எங்க அக்கா பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும்.

கீழ செக்யூரிட்டி சொன்னாரு. மெடிக்கல் காலேஜ்ல இருந்து வந்திருக்காங்க, வீடு வீடாப் போயி பசங்க எவ்ளோ எடை, என்ன சாப்பிடறாங்கன்னு கேக்கறாங்கன்னு. மெட்ராஸ் பசங்க ஏன் இப்படி குண்டாப் போறாங்கன்னு கண்டுபிடிக்கப் போறீங்களாமே. கண்டுபிடிங்க, கண்டுபிடிங்க. எதிர் வீட்டுல கதவு திறந்தாளா? திறந்திருக்க மாட்டா. அவளும் அவ பையனும் லிஃப்ட்ல ஏறினா அடுத்த ஆளுக்கு இடம் கிடையாது. ஆனா பேச்சு மட்டும் என் பொண்ணைப் பத்தித்தான்.

முறுக்கு எடுத்துக்கோ. வீட்டுல சுட்டது. எடுத்துக்கோம்மா, தட்டுல வெச்சது வெச்சபடி இருந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

ம், கேளு. பேரு தன்ஷிகா. வீட்டுல பாப்பா. வயசு பன்னெண்டு. இப்ப எடை எவ்ளோன்னு எனக்குத் தெரியாது, அதைக் கேக்கற நிலைமையில வீடு இல்லை. பொறந்தப்போ எடையா? அதைக் கேட்டே பாரு, அது கேள்வி. இதுவரைக்கும் ஒரு டாக்டர் அதைக் கேட்டதில்லை. எல்லாம் என்ன குடுக்கறீங்க, என்ன குடுக்கறீங்கன்னு என்னையே குடைவாங்க. எதுக்குக் குடுக்கறேன்னு ஒருத்தர் கேக்கணுமே.

ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டாம்மா. இந்தக் கையை நீட்டினா இதுலயே அடங்கிடுவா. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. விரல் எல்லாம் தீக்குச்சி மாதிரி. தினம் நர்ஸம்மா வந்து சொல்லுவாங்க, இன்னைக்கு இத்தனை கிராம் ஏறியிருக்கு, இன்னைக்கு இறங்கியிருக்குன்னு. ஏறின அன்னைக்கு நான் சோறு தின்னுவேன். இறங்கின அன்னைக்கு எனக்குத் தண்ணி கூட தொண்டையில இறங்காது. எங்க நாத்தனார் கஸ்தூரி வந்தா, கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா, "இது எங்க தங்கப் போகுது"ன்னா. எனக்குக் காதுல விழட்டும்னே சொன்னா. தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருக்கேன், என் மூஞ்சிக்கு நேரா சொல்றா.

அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் குலதெய்வம் ஆரணிப் பக்கம் ஒரு அம்மன். தாயே, இவளைப் பொழைக்க வெச்சு என் கையில குடு, இவ எடைக்கு எடை வெல்லம் உனக்குத் துலாபாரம் போடறேன்னு. உனக்குத் துலாபாரம்னா தெரியுமில்ல? கோயில்ல பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டுல பிள்ளையை உக்கார வெச்சு, இன்னொரு தட்டுல வேண்டின பொருளை வைப்பாங்க. ரெண்டும் சமமா நின்னா வேண்டுதல் தீந்துச்சு.

அம்மன் குடுத்துட்டா. பாப்பா பொழைச்சுக்கிட்டா. ஒரு வயசு முடிஞ்சதுமே போட்டிருக்கலாம். எங்க வீட்டுக்காரரு, பரந்தாமன்னு பேரு, கார் கம்பெனியில ஷிஃப்ட் வேலை, அவரு அப்பவே சொன்னாரு. "போட்டுடலாம் தேனு, வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாது"ன்னு. நான்தான் வேண்டாம்னேன். நீயே சொல்லு, அப்ப உக்கார வெச்சா என்ன வெல்லம் வரும்? ரெண்டு கை வரும். ஊரே நின்னு பாக்கும். கஸ்தூரியும் நின்னு வேடிக்கை பார்ப்பா. அவ பொண்ணு பொறக்கும்போதே கொழுகொழுன்னு பொறந்தவ. கொஞ்சம் சதை பிடிக்கட்டுங்க, அம்மனுக்குக் குடுக்கறதை நிறைவாக் குடுப்போம்னேன். வருஷா வருஷம் ஆடி வரும், அவரு கேப்பாரு. வருஷா வருஷம், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்பேன்.

ஏறினா. நான் ஏத்தினேன். எப்படி ஏத்தினேன்னு எனக்குத்தான் தெரியும்.

வேலைக்குப் போறேனான்னா? போயிக்கிட்டிருந்தேன். இப்ப விட்டாச்சு. தி.நகர்ல பெரிய ஜவுளிக்கடை, பட்டுச் சேலைப் பக்கம். காலையில போயி நின்னா ராத்திரி கடை மூடற வரைக்கும் நிக்கணும். கஸ்டமர் இல்லைன்னாலும் உக்கார விட மாட்டாங்க. ஃபோனை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. சாயந்திரம் டீ குடிக்க விடுவாங்களே, அப்பதான் கைக்கு வரும்.

பாப்பா நாலு மணிக்கு வேன்ல வந்து இறங்குவா. வேன் கேட்டுக்குள்ளயே வந்துடும், அங்கேருந்து லிஃப்ட். ஒரு வெயில் படாது. சாவி அவகிட்டயே இருக்கும். உள்ள வந்து கிரில்லைப் பூட்டிக்கணும், யார் பெல் அடிச்சாலும் திறக்கக் கூடாது. அப்படித்தான் வளத்தேன். டிவி இருக்கு, டேப்லெட் இருக்கு, ட்யூஷன் கூட டேப்லெட்லயே வந்துடுச்சு. ஒரு கஷ்டம் தெரியாம வெச்சிருந்தேன்மா. நான் அவ வயசுல குடத்தைத் தூக்கிட்டு லாரித் தண்ணிக்கு ஓடினவ.

விளையாட்டா? நல்லாக் கேட்டே. எங்க விளையாடறது? கீழ கார் நிறுத்தற இடத்துல பசங்க பந்து விளையாடினாங்கன்னு அசோசியேஷன்ல மீட்டிங்கே போட்டாங்க. யாரோ கார்ல கீறல் விழுந்துடுச்சாம். அதுலருந்து பசங்க கும்பலா நின்னாலே விசில் ஊதுவாங்க. தெருவுல இறங்கினா தண்ணி லாரி, நாயி. பார்க்குக்குப் போனா ஊஞ்சலு சின்னப் பசங்களுக்கு, சுத்தி நடக்கற பாதை சுகர் வந்தவங்களுக்கு. பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு அங்க என்ன இருக்கு? பெஞ்சு இருக்கு. ஸ்கூல்ல பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்குவாங்க. வாங்கிக்கட்டும்னு நானும் விட்டுட்டேன், மார்க்காவது வரட்டுமே.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஸ்கூல் ஆண்டு விழாவுல இவளைச் சேத்துக்கிட்டாங்க. மழை டான்ஸ். மத்த பொண்ணுங்க எல்லாம் மயிலு, பாப்பா மலை. பச்சைத் துணியைப் போத்திக்கிட்டுப் பின்னாடி நிக்கணும். பாட்டு முடியற வரைக்கும் அசையவே இல்லைம்மா. நான் லீவு போட்டுட்டுப் போயி முதல் வரிசையில உக்காந்து பாத்தேன். பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, அந்த மலை எம் பொண்ணுதாங்கன்னு சொன்னேன். அந்த அம்மா சிரிச்சாங்க. பாப்பா வீட்டுக்கு வந்ததும் ஒரே அழுகை. துணி உறுத்துச்சோ என்னவோ, கேட்டா சொல்லலை. பிரியாணி வாங்கிக் குடுத்தேன், அழுதுக்கிட்டே சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டா.

சாப்பாட்டைப் பத்தி எழுதணுமா? எழுதிக்கோ. காலையில சாப்பிட நேரம் இருக்காது, வேன்காரன் ஹாரன் அடிச்சிடுவான். நான்தான் பின்னாடியே ஓடி லிஃப்ட்ல நின்னு ரெண்டு வாய் ஊட்டுவேன். ஆமா, பன்னெண்டு வயசு வரைக்கும் ஊட்டினேன். பாப்பாவைக் காட்டின லேடி டாக்டரும் இப்படித்தான் புருவத்தைத் தூக்கினாங்க. பெத்தவ ஊட்டாம வேற யாரு ஊட்டுவா? சாயந்திரத்துக்கு ஹாட்பாக்ஸ்ல பூரியோ சப்பாத்தியோ வெச்சிட்டுப் போவேன். அது போக டப்பாவுல மிக்சரு, கேக்கு, ஃப்ரிட்ஜ்ல ஐஸ்கிரீம். தனியா இருக்கற பிள்ளை, பசிக்குதுன்னு சொல்லக் கூட ஆளில்லை. கையை எங்க நீட்டினாலும் எதாவது கிடைக்கணும்னு வெச்சிருந்தேன். பத்தலைன்னா வீட்டுல இருக்கற பழைய ஃபோன்ல ஆர்டர் போட்டுக்கோடின்னு அதையும் சொல்லிக் குடுத்திருந்தேன். கிரில் வழியா வாங்கிக்குவா.

டீ நேரத்துல ஃபோன் பண்ணுவேன். எடுத்ததும், "பாப்பா, என்னடி சாப்பிட்டே?" பூரிம்மா. "அப்புறம்?" கேக்கு. "அப்புறம்?" மிக்சரு. சமத்துடி என் தங்கம்னு சொல்லுவேன். எனக்கு அப்படியே காது குளுந்துடும். கண்ணாடிப் பெட்டியில வாயில ட்யூபோட கிடந்த பிள்ளை, அதைத் தின்னேன் இதைத் தின்னேன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? கால் வலியெல்லாம் போயிடும்.

சில நாள் ஃபோனை வைக்கவே விட மாட்டா. சூப்பர்வைசர் பாக்கறாரு, வைக்கறேன்டிம்பேன். "இரும்மா, இன்னும் இருக்கு. இன்னொண்ணு சாப்பிட்டேன், என்னன்னு கேளேன்"ம்பா. என்னடி? ஐஸ்கிரீம். சரி, வைக்கட்டா? "இரும்மா, வைக்காதே, இன்னொண்ணு இருக்கு, ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்துட்டுச் சொல்றேன்"ம்பா. அவ்ளோ பிரியம்மா அவளுக்கு சாப்பாட்டு மேல. வேற பேச்சே கிடையாது. ஆரம்பத்துல ஸ்கூல்ல அவ இப்படிச் சொன்னா, இவன் இப்படிக் கூப்பிட்டான்னு ஏதோ சொல்ல வருவா. டீ நேரம் எவ்ளோ இருக்கும்? அதெல்லாம் வந்து கேக்கறேன்டி, முதல்ல சாப்பிட்டியா அதைச் சொல்லும்பேன். அப்புறம் அவளே அதையெல்லாம் விட்டுட்டா. சாப்பிட்டதை மட்டும் சொல்லுவா. என் நிலைமையைப் புரிஞ்சுக்கிட்ட பிள்ளை.

வந்து கேட்டேனான்னா எப்படிம்மா? நான் பஸ் பிடிச்சு வீடு வந்து சேர்றப்போ அவ டிவி முன்னாடியே தூங்கிப் போயிருப்பா. கையில ஏதாவது பாக்கெட் இருக்கும். அதை எடுத்து வெச்சிட்டு, தூக்கத்துலயே ஒரு டம்ளர் பால் குடுப்பேன்.

நீ முறுக்கைத் தொடவே இல்லை. சரி, காபியாவது போடறேன். வேண்டாமா? அப்ப உக்காரு, முக்கியமானதே இனிமேதான் இருக்கு.

போன ஆடியில அவரு ஒரே பிடியா நின்னுட்டாரு. பொண்ணு பெரியவளாகறதுக்குள்ள துலாபாரத்தை முடிச்சிடணும், அதுக்கு மேல தட்டுல உக்கார வைக்கறது நல்லா இருக்காதுன்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொன்னோம். கஸ்தூரிக்கு நானே ஃபோன் பண்ணேன், குடும்பத்தோட கண்டிப்பா வந்துடணும் அண்ணின்னு.

பாப்பாகிட்ட சொன்னா, "வேண்டாம்மா"ங்கறா. என்னடி வேண்டாம்? "எல்லாரும் இருப்பாங்களேம்மா." இருக்கத்தானேடி கூப்பிட்டிருக்கோம்! "நான் தட்டுல உக்காரலைம்மா, வெல்லத்தை அப்படியே சாமிகிட்ட குடுத்துடலாம்மா." சாமிகிட்ட பேரம் பேசுவியாடி, உனக்கு உயிர் குடுத்தவடின்னு ஒரு அதட்டு அதட்டினேன். ஆனா ஒரு விஷயம் கேளு. கிளம்பறதுக்கு முந்தியே சாப்பாட்டை நிறுத்திட்டா. தட்டைத் தள்ளி வெச்சிடறா. கார்ல போறப்போ தண்ணி கூட குடிக்கலை. எனக்குப் பெருமை தாங்கலைம்மா. நான் சொல்லாமலே பிள்ளை விரதம் இருக்கு! கோயில்ல பாத்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், பாப்பா அவளாவே விரதம் இருந்து வந்திருக்கா, பாருங்கன்னு. அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

ஆடி வெள்ளி. கூட்டம்னா உங்க வீட்டுக் கூட்டம் எங்க வீட்டுக் கூட்டம் இல்லை. மஞ்சள் பட்டுப் பாவாடை கட்டி, மாலை போட்டு, தட்டுல உக்கார வெச்சோம். அவரு ஒரு கணக்கு போட்டு வெல்லம் கொண்டு வந்திருந்தாரு. வெச்சாங்க. தட்டு அசையலை. கூட இருக்கட்டும்னு எடுத்து வந்ததையும் வெச்சாங்க. அப்பவும் அசையலை. இவ தட்டு தரையோட தரையா நிக்குது. வாசல்ல இருந்த கடைக்கு ஆள் ஓடுச்சு. அவன் கடையில இருந்த வெல்லமும் வந்துச்சு, அதுவும் பத்தலை, அடுத்த கடைக்கு ஓடினாங்க. அதுவரைக்கும் இவ தட்டுலயே உக்காந்திருக்கா. ரெண்டு கையாலயும் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. வரிசையில நின்ன எவனோ கத்தினான், "கடையையே தூக்கிட்டு வாங்கய்யா"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன்.

நான் எதுக்குச் சிரிச்சேன்னு நீயாவது புரிஞ்சுக்கணும். கண்ணாடிக்கு வெளிய நின்னுக்கிட்டு, ஒரு கிராம் ஏறாதா, இன்னும் ஒரு கிராம் ஏறாதான்னு கும்பிட்டவ நான். இன்னைக்கு என் பிள்ளை எடைக்கு அந்த ஊர்ல வெல்லம் பத்தலை! எது தங்காதுன்னு கஸ்தூரி சொன்னாளோ, அது உக்காந்திருக்கு அவ கண்ணு முன்னாடி, தராசை அசைய விடாம. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து பொங்கிட்டு வந்துச்சு. சத்தம் போட்டுச் சிரிச்சேன். கை தட்டினேன். கடைசி மூட்டை வந்து வெச்சதும் அவ தட்டு மெல்ல எழும்புச்சு பாரு, நான் அப்படியே அம்மனைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில அதை விட சந்தோஷமா நான் இருந்ததே இல்லைம்மா. பொய் சொல்லலை. கல்யாணத்தப்போ கூட இல்லை.

அப்புறம் சர்க்கரைப் பொங்கல் குடுத்தாங்க. இவ வாங்க மாட்டேங்கறா. பிரசாதம்டி, வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னேன். உதட்டை இறுக்கிக்கிட்டா. எல்லாரும் பாக்கறாங்க. நானே ஒரு வாய் எடுத்து, கன்னத்தை இப்படிப் பிடிச்சு, உள்ள வெச்சேன். கண்ணுல தண்ணி வழியுது, முழுங்கினா. அதுதாம்மா. என் கையால அவ கடைசியாச் சாப்பிட்டது அதுதான்.

கஸ்தூரி பையன் ஒருத்தன் இருக்கான், வேலை வெட்டி இல்லாதவன். அத்தனையும் வீடியோ எடுத்து, பின்னாடி ஏதோ காமெடிப் பாட்டைச் சேத்து, குடும்ப குரூப்ல போட்டுட்டான். ஆளாளுக்கு அதுக்குக் கீழ சிரிக்கற பொம்மையாப் போட்டிருக்காங்க. பாப்பா பாத்திருக்கா. என் ஃபோன்லதான் பாத்திருக்கா. நான் அதுக்கப்புறம்தான் பாத்தேன். கூட்டமே சிரிக்குது, ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு சிரிப்பு கேக்குது. அது என்னுது. அவன் என் பக்கத்துல நின்னு எடுத்திருக்கான், அதான். நான் அவகிட்ட சொன்னேன். கதவுக்கு வெளிய நின்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அது சந்தோஷத்துல சிரிச்சதுடின்னு. பெத்த பொண்ணுக்கு அது தெரிய வேண்டாமா? அம்மா எதுக்குச் சிரிப்பான்னு தெரிய வேண்டாமா?

அன்னைக்கு வந்து கதவைச் சாத்தினவதான். எங்க கூட உக்காந்து சாப்பிடறதில்லை. நாங்க தூங்கினப்புறம் கொஞ்சம் மோர் குடிப்பா, ஒரு வாழைப்பழம் குறைஞ்சிருக்கும். நான் தினமும் எந்திரிச்சு வந்து எது குறைஞ்சிருக்குன்னு பாப்பேன். தட்டு போட்டு மூடி வெச்சதெல்லாம் அப்படியே இருக்கும். ஸ்கூலுக்கு மட்டும் போயிக்கிட்டிருந்தா, அதுவும் வேன்ல ஒரு நாள் மயங்கி விழுந்ததோட நின்னுச்சு. டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டு ஓடினோம். அந்த லேடி டாக்டர் என்னைக் கேக்கற கேள்வி! எத்தனை மணி நேரம் தனியா இருப்பா, வீட்டுல யார்கிட்ட பேசுவா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களான்னு. பிள்ளை சாப்பிடாம மயங்கிக் கிடக்குது, ஃப்ரெண்ட்ஸைப் பத்திக் கேக்கறாங்க. முந்தி இருந்த எடையும் ஆபத்து, இப்ப இப்படிப் பட்டினி கிடக்கறது அதை விட ஆபத்துங்கறாங்க. ரெண்டும் ஆபத்துன்னா நான் என்னதான் பண்ணட்டும்? மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. என் பொண்ணுக்கு மனசுக்கு என்ன? கண்ணு பட்டிருக்கு. அத்தனை பேர் பாத்தாங்களே, படாம இருக்குமா? மிளகாய் சுத்திப் போட்டேன், நெடியே வரலை. அவ்ளோ கண்ணு.

கொடுமை என்னன்னா, இப்ப எல்லாரும் பாராட்டறாங்கம்மா. கஸ்தூரி வந்தா, கதவு இடுக்குல பாத்துட்டு, "இப்பதான் தேனு பொண்ணு மாதிரி இருக்கா, என்ன டயட்டு"ன்னு கேக்கறா. அவளைப் பிடிச்சு வெளிய தள்ளலாமான்னு இருந்துச்சு. தலையில முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. தோள் எலும்பு தெரியுது. எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்துடுச்சு. ராத்திரியில வந்து மூச்சு விடறாளான்னு கதவுல காதை வெச்சுக் கேக்கறேன்.

வேலையை விட்டுட்டேன். நாள் பூரா வீட்டுலதான் இருக்கேன் இப்ப. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நேரா நேரத்துக்குக் கதவைத் தட்டுவேன். பாப்பா, இட்லி சாப்பிடறியா? பாப்பா, ஜூஸ் குடிக்கறியா? அவங்கப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கதவுகிட்ட தரையில உக்காந்துக்குவாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. அன்னைக்கு கம்பெனியில யாரு என்ன சொன்னா, பஸ்ல எவன் யார்கூட சண்டை போட்டான்னு அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பாரு. அவருக்கு உள்ளேருந்து ஒரு "ம்" வருது. எனக்கு வர மாட்டேங்குது. பொண்ணு பட்டினி கிடக்குது, இவரு பஸ்ல நடந்த சண்டையைச் சொல்லிக்கிட்டிருக்காரு, அவருக்கு ம்! நாள் பூரா அடுப்புகிட்ட நின்னு விதவிதமா சமைக்கறவளுக்கு ஒண்ணும் கிடையாது. நியாயமா இது? நீ சொல்லு.

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. குண்டா இரு, ஒல்லியா இரு, எப்படியோ இரு. பழையபடி "இரும்மா, வைக்காதே"ன்னு ஒரு தடவை சொன்னா போதும். அந்தக் குரலைக் கேட்டே எத்தனை நாளாச்சு.

இரு. பேசாதே. தாழ்ப்பாள் சத்தம்.

திரும்பிப் பாக்காதே. நீ பாட்டுக்கு எழுதற மாதிரி இரு.

வா பாப்பா. ஆமாடி, இந்த அக்கா டாக்டருக்குத்தான் படிக்கறாங்க. நேராவே கேளு, கடிக்க மாட்டாங்க... என்னடி கேள்வி இது, செத்தவங்களைத் தொட்டுப் பாத்திருக்கீங்களான்னு! சரி சரி, நான் குறுக்க வரலை. நீ கேளு. சொல்லும்மா, அவ கேக்கறா இல்ல, பயமா இருக்குமான்னு கேக்கறா, சொல்லேன். பாரும்மா, சிரிக்கறா! அக்கா முதல் நாள் மயங்கி விழுந்தாங்களாம்டி, கேட்டியா? உக்காருடி, ஏன் நின்னுக்கிட்டே பேசறே. உக்காரு, இங்க உக்காரு. பாப்பா, சூடா ரெண்டு தோசை ஊத்தட்டா? அக்காவுக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு. முறுகலா, நெய் விட்டு. சரி, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. பாப்பா... பாப்பா, நில்லுடி. பாதி சாப்பிடு, போதும். பாப்பா!

பூட்டிக்கிட்டா.

பாத்தே இல்ல? உன் கண்ணால பாத்தே இல்ல? சிரிச்சாளே. உன்னைப் பாத்துச் சிரிச்சாளே. நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா, திடீர்னு மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு? நான் என்ன சொன்னேன்? திட்டினேனா? அடிச்சேனா? தோசை ஊத்தட்டான்னுதானே கேட்டேன்.

கிளம்பாதேம்மா. கொஞ்சம் இரு. நீ வீடு வீடாப் போயிக் கேள்வி கேக்கறவ, உனக்குத் தெரியும். இப்ப நான் குறுக்க வராம இருந்தா, அடுத்து நீ அவகிட்ட என்ன கேட்டிருப்பே? சொல்லு. நான் கதவுகிட்ட போயி அதையே கேக்கறேன். எனக்கு வேற கேக்கத் தெரியலைம்மா.